ஆயாவுக்கு ஒரு தூக்கி: ஆறாவது வாரம்

நேற்றுச் சாயங்காலம் முதல் தடவையாக ஆயா தூக்கியில் ஏறினார். நடக்க முடியாதவரைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டு இடம் மாற்றும் சக்கர வண்டி அது, நாங்களே செய்தது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நாலடி தூரம்தான். எனக்குக் கை நடுங்கியது.

இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அம்மாதான் தினமும் ஐந்தாறு தடவை ஆயாவைத் தூக்குகிறார். ஆயா 58 கிலோ. நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மேல் 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோவுக்கு மேல் பாரம் விழக்கூடாது என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007-லேயே எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு முதுகு போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பாலக்கோட்டில் நண்பரின் வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் சட்டம் அடித்தோம். தூக்கும் கை 105 செ.மீ. மூட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி இரண்டு டன் பாட்டில் ஜாக்கி, வண்டியைத் தூக்கி டயர் மாற்றப் பயன்படுத்துவார்களே அதுதான். நுனியில் ஆயா தொங்கினால் ஜாக்கி மேல் சுமார் 200 கிலோ வரும், அதற்கு இது தாராளம். ஜாக்கி 12 செ.மீ. ஏறினால் நுனி 42 செ.மீ. ஏறும்.

இடித்தது கட்டிலில். தூக்கியின் அடிக்கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழையாவிட்டால் வண்டி முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். நாலு அங்குலச் சக்கரம் போட்டால் குறுக்குச் சட்டம் தடுக்கிறது. இரண்டு அங்குலம் போட்டேன், அது தரையில் சிமெண்ட் பெயர்ந்த இடத்திலெல்லாம் நின்றுவிட்டது. அப்புறம்தான் கட்டிலையே உயர்த்தலாமே என்று தோன்றியது. குழி குடைந்த புளியங்கட்டைகள் நாலு, எட்டு செ.மீ. உயரம். கட்டில் கால்கள் நழுவாமல் குழிக்குள் உட்கார்ந்துகொண்டன. பெரிய சக்கரமே திரும்பி வந்தது.

முதலில் இரண்டு ராகி மூட்டைகளை, மொத்தம் 100 கிலோ, தொங்கவிட்டுப் பார்த்தோம். ஏற்றும்போது ஒரு குறையும் இல்லை. இறக்கும்போது ஜாக்கியின் திருகைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டேன், மூட்டைகள் தொப்பென்று தரையில் விழுந்தன. அந்த இடத்தில் ஆயாவை நினைத்துப் பார்த்து இரண்டு நாள் தூக்கம் இல்லை. திருகில் ஒரு அடி நீளக் கம்பியைப் பற்றவைத்தபின் நூல் பிடித்ததுபோல இறங்குகிறது. அதற்குப் பிறகும் இருபது தடவை மூட்டையை ஏற்றி இறக்கிய பிறகுதான் ஆயாவிடம் கேட்டேன்.

தொட்டிலை வண்டி சீட் தைப்பவர் கேன்வாஸில் தைத்துக் கொடுத்தார். தோல் உரசாமலிருக்கத் தையல் மடிப்பு வெளிப்பக்கம். கால் பட்டைகளைத் தொடைக்கு அடியில் விட்டு, நடுவில் குறுக்காக மாட்டச் சொன்னவர் பிசியோதெரபிஸ்ட். அப்படி மாட்டினால் ஆள் கீழே நழுவுவதில்லை.

மேலே போனதும் தொட்டில் மெல்லச் சுழன்றது. ஆயா என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "மெதுவா சாமி, மெதுவா" என்றார். அம்மா முழங்காலைப் பிடித்ததும் சுழல்வது நின்றது. நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் வார்த்தை, "வாசலுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

கூட்டிப்போனேன். இருட்டும் வரை அங்கேதான் இருந்தோம்.

அடுத்து கழிப்பறை நாற்காலி. அதன் இரு பக்கமும் அடிக்கால்கள் அகல விரிய வேண்டும். கீல் வைத்து, விரித்த நிலையில் பின் போட்டுப் பூட்டப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை காலியாக இருக்கும்.