ஹோலஷோவிட்சே: ஒரு குளம், ஒரு திடல், 23 பண்ணை வீடுகள்

செக் குடியரசின் தெற்கு பொஹீமியாவில், செஸ்கே புதெயோவிட்சே நகருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது ஹோலஷோவிட்சே. ஊரின் நடுவே நீள்சதுரப் புல்வெளித் திடல். அதில் மீன் குளமும் 1755இல் கட்டிய சிறு தேவாலயமும் இருக்கின்றன.

திடலை நோக்கி நிற்பது வீடுகளின் குறுகிய முகப்புதான். நுழைவாயிலைத் தாண்டினால் முற்றம், பின்னால் களஞ்சியம். முகப்பின் வளைவுகளும் சுண்ணச்சாந்துப் பூவேலையும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உச்சியில் பொறித்த ஆண்டு வீடு பிறந்த ஆண்டு என்று நினைத்துவிட வேண்டாம், மனையமைப்பு இடைக்காலத்தது.

1263இல் ஆவணத்தில் முதன்முதலாக வரும் பெயர் இது. 1292இல் அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் ஊரை விஷ்ஷி ப்ரோட் கிறிஸ்தவத் துறவி மடத்துக்குக் கொடுத்தார். 1520–25 கொள்ளைநோயில் பிழைத்தவர்கள் இருவரே. பவேரியா, ஆஸ்திரியாவிலிருந்து மடம் ஆட்களைக் குடியேற்ற, ஊர் ஜெர்மன் பேசலாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பல வீடுகள் பூட்டியே கிடந்தன. புதிய கட்டடங்கள் அதிகம் எழாததால்தான் பழைய அமைப்பு கலையாமல் தப்பியது என்பது என் கணிப்பு. 1990க்குப் பிறகு சீரமைத்தார்கள். 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், முற்றங்களுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள்.