யார் சரிபார்த்தது?

கிரிக்கெட்டில் ஸ்கோர் எழுத இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. ஆளுக்கொரு புத்தகம். அடிக்கடி இருவரும் தங்கள் கணக்கை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அதனால் ஓவர் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பேன்: "ரெண்டு விக்கெட்டுக்கு நாற்பத்தேழு?" அவரும் தன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, நாற்பத்தேழு" என்பார். அம்பயர் லெக் பை சைகை காட்டினால், பார்த்துவிட்டோம் என்று நாங்கள் கையை உயர்த்தும்வரை ஆட்டம் காத்திருக்கும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் பள்ளி அணியின் ஸ்கோரர். எதிரணிக்காக எழுத வரும் அண்ணனோ அக்காவோ தங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறவர்கள்தான். ஆனாலும் எங்கள் அணிக்குச் சேரவேண்டிய ஒரு ரன்னை நான் எழுதாமல் விட்டுவிட்டால் அவர்களே நினைவுபடுத்துவார்கள். மைதானத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சிக்ஸர் எல்லாம் அதற்கு அப்புறம்.

பள்ளி முடியப்போகிறது என்பதால் எல்லோரும் என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்கிறார்கள். கணினி அறிவியல் என்கிறேன். நான் ஏதோ புதுச் செயலி செய்யப்போகிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஆசை வேறு இடத்தில். ஒரு இயந்திரம் ஒன்றைச் சொன்னால், அதை யார் இன்னொரு முறை பார்க்கிறார்கள், தவறு என்றால் யார் திருத்துகிறார்கள் என்பதில்தான் என் மனம் போய் நிற்கிறது.

அதற்கும் விளையாட்டே நல்ல பாடம். 1992இல் டர்பனில் நடந்த டெஸ்டில்தான் தொலைக்காட்சி ரீப்ளேயைப் பார்த்து மூன்றாவது அம்பயர் முதன்முதலில் அவுட் கொடுத்தார். ரன் அவுட் ஆனவர் சச்சின் டெண்டுல்கர். 2008இல் இந்தியா, இலங்கை டெஸ்ட் தொடரில், அம்பயரின் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் டிஆர்எஸ் முறை சோதனைக்கு வந்தது. இதில் 'அம்பயர்ஸ் கால்' என்று ஒன்று உண்டு. எல்பிடபிள்யூ முறையீட்டில், அதாவது காலில் படாவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று அவுட் கேட்கும்போது, பந்தின் பாதிக்கும் குறைவான பகுதிதான் ஸ்டம்பில் படும் என்று திரையில் தெரிந்தால், களத்தில் நிற்கும் அம்பயர் சொன்னதே நிற்கும். "பட்டா பட்டதுதானே, அதென்ன பாதி?" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் நண்பர்கள் கொதிக்கிறார்கள்.

இந்த விதிக்காக நான் யாரிடமும் வாதாடுவேன். காலில் பட்ட பிறகு பந்து எங்கே போயிருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை. அது நடக்கவே இல்லை. கேமராக்கள் அதுவரை வந்த பாதையை அளந்து, மீதிப் பாதையைக் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. கணக்கு என்றால் அதில் சிறிய பிழைக்கு இடம் உண்டு. 'இந்த விளிம்புக்குள் எனக்கு உறுதி இல்லை, பக்கத்தில் நின்ற மனிதரிடம் கேள்' என்று ஒரு தொழில்நுட்பம் தானே ஒதுங்கி நிற்கிறது. இவ்வளவு நேர்மையாக நடந்துகொள்ளும் இயந்திரம் வேறு எத்தனை இருக்கிறது?

டென்னிஸிலும் பார்ப்போம். விம்பிள்டன் போட்டி 2025இல், பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததா என்று சொல்லும் லைன் ஜட்ஜ்களை முழுவதுமாக எடுத்துவிட்டு மின்னணு முறைக்கு மாறியது. அந்த ஆண்டே, அனஸ்தேசியா பாவ்லியுசென்கோவா ஆடிய ஆட்டத்தில், ஆடுகளத்தின் ஒரு பகுதியில் அந்த அமைப்பு தவறுதலாக அணைக்கப்பட்டிருந்தது. எதிராளி அடித்த பந்து வெளியே விழுந்தும் 'அவுட்' என்ற குரல் வரவில்லை. புள்ளியைத் திரும்ப ஆட வைத்தார்கள். பாவ்லியுசென்கோவா ஆட்டத்தை ஜெயித்தார் என்றாலும் அந்த கேமை, அதாவது ஆட்டத்தின் அந்தச் சிறு பகுதியை, இழந்தார். இனி இயக்குபவர்களால் அதை அப்படி அணைக்க முடியாதபடி மாற்றிவிட்டதாக அமைப்பாளர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு அது போதாது. குரல் வராத நேரத்தில் கோட்டருகே ஒருவர் நின்றிருந்தால் கையை நீட்டியிருப்பார்.

செய்திக்கு வந்தால் மூன்றாவது அம்பயரே கிடையாது. வெள்ளம் புகுந்த சாலையில் சுறா நீந்துவதுபோல ஒரு படம் உங்களுக்கும் வந்திருக்கும். 2011இல் ஐரீன் புயலின்போது பரவத் தொடங்கியது. 2017இல் ஹார்வி புயலின்போது அதே படம் ஹூஸ்டன் என்று வந்தது. அந்தச் சுறா உண்மையில் தென்னாப்பிரிக்கக் கடலில், ஒரு சின்னப் படகின் பின்னால் வந்துகொண்டிருந்தது. தாமஸ் பெஷாக் எடுத்து 2005இல் வெளியான புகைப்படத்திலிருந்து வெட்டியது. இதுவாவது ஆளைக் கடிக்காத பொய். 2023 மே மாதம் பென்டகன் அருகே வெடிவிபத்து என்று செயற்கை நுண்ணறிவால் செய்த ஒரு படம் பரவியபோது, அமெரிக்கப் பங்குச்சந்தை சில நிமிடங்கள் சறுக்கியது.

எங்கள் குடும்பக் குழுவில் பெரியப்பா நிறைய அனுப்புவார். எல்லோர்மீதும் உள்ள அக்கறைதான் காரணம். ஆபத்து என்று ஒன்றைப் படித்ததும் நமக்குத் தெரியாமல் போய்விடக்கூடாதே என்று உடனே அனுப்பிவிடுகிறார். குழுவில் எல்லோர் முன்னாலும் "இது பொய்" என்று எழுதினால் அவருக்கு மனம் நோகும். படத்தை கூகுளில் தேடி, முதலில் எப்போது எங்கே வந்தது என்று பார்த்து, அவருக்குத் தனியாக அனுப்புவேன்: "பெரியப்பா, இந்தப் படம் பழசு, வேற ஊர்ல எடுத்தது. நீங்களே குழுவுல சொல்லிடுங்களேன்." அவர் சொல்லிவிடுவார். இப்போதெல்லாம் சிலதை எனக்கு முதலில் அனுப்பி, "பார்த்துச் சொல்லும்மா" என்கிறார். இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை இதுதான்.

ஓய்வு நேரத்தில் தன்னார்வமாக நான் செய்வதும் சரிபார்க்கும் வேலைதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்டோ பிரின்ஸின் பெரும்பகுதி அதில் காலியாகக் கிடந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தன. பேரிடர் வருவதற்கு முன்பே வரைந்து வைக்க வேண்டும் என்று, செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் மற்றவர்களோடு சேர்ந்து 2014இல் மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டத்தைத் தொடங்கின.

ஒரு பெரிய பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒருவர் ஒரு கட்டத்தை எடுத்து அதிலுள்ள வீடுகளையும் பாதைகளையும் வரைவார். வேறொருவர் அதை எடுத்துச் சரிபார்ப்பார். இரண்டாவது ஆள் பார்த்தபிறகுதான் அந்தக் கட்டம் முடிந்ததாகக் கணக்கு. நான் இப்போது அந்த இரண்டாவது ஆள்.

புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று பழகிவிட்டது. செயற்கைக்கோள் படம் கொஞ்சம் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கும். அதனால் உயரமான கட்டடத்தின் கூரை ஒரு பக்கமாக நகர்ந்து தெரியும். கூரையின் அளவுக்கு வரைந்து, பிறகு அதை அடித்தளம் இருக்கும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். பலர் நகர்த்த மாட்டார்கள். நிழலையும் சேர்த்து வரைவார்கள். ஒட்டியிருக்கும் மூன்று வீட்டை ஒரே வீடாக்குவார்கள். வட்டக் குடிசையைச் சதுரமாக்குவார்கள். மூன்று வீடு ஒன்றானால், தடுப்பூசி போட வருகிறவர்கள் மூன்று குடும்பத்துக்குப் பதில் ஒரு குடும்பத்துக்கான மருந்தோடு வந்து நிற்க நேரலாம். அதனால் திருத்துவதோடு விடமாட்டேன். வரைந்தவருக்கு நாலு வரி எழுதுவேன், செய்ததில் எது நன்றாக வந்திருக்கிறது என்பதையும் சேர்த்து. அடுத்த கட்டத்தில் அவர் கைத்தெளிவு கூடியிருப்பதைப் பார்க்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இப்போது இதிலும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. படத்தைப் பார்த்து, இங்கே சாலை இருக்கிறது, இங்கே கட்டடம் இருக்கிறது என்று அதுவே பரிந்துரைக்கிறது. நான் அதை மனதார வரவேற்கிறேன். பல வீடுகள் கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிடுகின்றன. ஆனால் வறண்ட ஓடையைச் சாலை என்றும், பெரிய பாறையை வீடு என்றும் சொல்லிவிடவும் அதனால் முடியும். ஆகவே வரைகிற வேலை குறையக் குறைய, பார்க்கிற வேலை கூடுகிறது.

அதற்குத்தான் ஆள் குறைவு. தன்னார்வப் பணி என்றால் எத்தனை மணி நேரம், எத்தனை கட்டடம் என்று எண்ணிச் சான்றிதழ் கொடுக்கிறோம். ஒரு கட்டத்தை முழுக்கப் பார்த்து, எல்லாம் சரி என்று சொன்னவருக்குக் காட்ட எண்ணிக்கையே இல்லை. பள்ளிகளும் கல்லூரிகளும் இதை மாற்ற வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன். சரிபார்த்த நேரமும் உழைத்த நேரம்தான்.

தேர்வு முடிந்ததும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்த உதவும் ஜோசம் (JOSM) என்ற மென்பொருளை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளப் போகிறேன். அனுபவமுள்ள சரிபார்ப்பாளர்கள் பலர் அதில்தான் வேலை செய்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்று விழுந்த கட்டடங்களை அதுவே எச்சரித்துக் காட்டும். எதை வைத்துக்கொள்வது என்பதை நாம்தான் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சேர்ந்து கற்றுக்கொள்ள ஆசை இருப்பவர்கள் எழுதுங்கள். ஆனால் சில காலம் வரைந்து பழகிவிட்டு வாருங்கள். பல திட்டங்களில் புதியவர்களுக்குச் சரிபார்க்கும் அனுமதி கிடைக்காது.