கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில்

நான் வேலை பார்க்கும் காபிக் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு யூத அம்மாவிடம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டாம் என்று எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் இன்றைக்கும் சொல்கிறார். அவர் சொல்வது தப்பு என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே பேசாமல் அந்த லாட்டேயை நீட்டியிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், சொன்னதுதான் சரி என்று படுகிறது. மறுநாள் காலையில் அதே யோசனை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

டொரொண்டோவுக்கு வடக்கே, பாதர்ஸ்ட் தெருப் பக்கத்துக் காபிக் கடைகளில் நிற்பவர்களுக்கு கோஷர் கேள்விகள், அதாவது யூதர்களின் உணவுச் சட்டப்படி இது சாப்பிடத் தகுந்ததா என்ற கேள்விகள், புதிதில்லை. சுவை சேர்க்காத கறுப்புக் காபி என்றால் பெரும்பாலும் கேள்வியே வராது. வனிலா, ஹேசல்நட் என்று போனால் சிரப் பாட்டிலைக் காட்டச் சொல்வார்கள், கோஷர் சான்றான சிஓஆர் முத்திரையோ, வட்டத்துக்குள் யு எழுத்து இருக்கும் முத்திரையோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிவப்பு நிற பானம் என்றால் இன்னும் கவனம், ஏனென்றால் அந்த நிறம் பூச்சியிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ராபெரி பானத்திலிருந்து அந்தச் சாயத்தை எடுத்தது 2012-இல்தான். பாலில் இரண்டு கட்சி உண்டு. யூதர் ஒருவர் கண்காணிப்பில் கறந்த பால்தான் வேண்டும் என்பவர்கள் எங்களிடம் லாட்டே வாங்கவே மாட்டார்கள். அரசாங்கக் கட்டுப்பாட்டில் வருகிற பாலை நம்பலாம் என்று ரபி, அதாவது யூத மதகுரு, மோஷே ஃபைன்ஸ்டைன் அமெரிக்காவில் கொடுத்த தீர்ப்பை ஏற்பவர்கள் வாங்குவார்கள். அந்த அம்மா இரண்டாவது வகை. வனிலா லாட்டே, காகிதக் கோப்பையில்.

என் வார்த்தையை அவர் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. புது பாட்டில் திறந்தால் "கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள்" என்பார், படித்துவிட்டு நன்றி சொல்வார். இதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. சட்டம் அறியாத ஒருவனின் பேச்சை நம்பி அவர் ஏன் குடிக்க வேண்டும்?

மாறியது கடைதான். முன்பு, யூதர்களுக்கு விலக்கான பன்றி இறைச்சி சாண்ட்விச் சூடாக்குகிற தட்டும் இடுக்கியும் பின்னால் தனித் தொட்டியில் கழுவப்பட்டன. கடையைப் புதுப்பித்தபோது அந்தத் தொட்டியை எடுத்துவிட்டார்கள். அப்புறம் பால் நுரைக்கும் ஸ்டீல் ஜக், தட்டு, இடுக்கி எல்லாம் ஒரே டிஷ்வாஷரில், சுடுதண்ணீரில். எங்களுக்கு வேலை மிச்சம். அவருக்கு இது தெரிய வழியில்லை. அவர் எப்போதும் போல பாட்டிலைத்தான் பார்த்தார்.

ஒரு காலை, பால் ஜக்கைக் கையில் எடுத்துவிட்டு, "முன்பு போல இல்லை, இந்த ஜக்கை இப்போது சாண்ட்விச் தட்டுகளோடு சேர்த்துக் கழுவுகிறோம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"எப்போதிலிருந்து?" என்று கேட்டார்.

நான் சொல்லும்போது அன்றைய கோப்பையைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தேன். அவர் கேட்டது அதற்கு முன்னால் குடித்த எல்லாக் கோப்பைகளையும் பற்றி. "புதுப்பித்ததிலிருந்து" என்றேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

சூப்பர்வைசருடைய வாதம் எளிது. நம் கடைக்கு கோஷர் சான்று கிடையாது, யாராவது கேட்டால் உத்தரவாதம் தர முடியாது என்று சொல்ல வேண்டும், கேட்காதவரிடம் எதற்கு? ஆனால் இதே கடையில், நட்ஸ் அலர்ஜி உள்ள வாடிக்கையாளர் தெரியாமல் எதையாவது ஆர்டர் செய்தால் நாமாகவே தடுத்துச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிறார்கள். உடம்புக்கு ஒரு நியாயம், நம்பிக்கைக்கு ஒரு நியாயமா? அலர்ஜியில் உயிர் போகும், இதில் போகாது என்பார் அவர். உண்மைதான். என் அம்மா சுத்த சைவம். வெளியே சாப்பிடும்போது கரண்டி தனியா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். பொய் சொல்லிப் பரிமாறினாலும் அவருக்கு உயிர் போகாது. அதற்காக அது சின்ன விஷயம் ஆகிவிடுமா?

இப்படி என் பக்கம் பலமாக இருக்கும்போதுதான் இன்னொன்று குடைகிறது. பாத்திரம் கழுவுவதைப் பற்றி அவர்கள் சட்டம் ஒற்றை வரியில் முடிவதில்லை. சூட்டில் சுவை பாத்திரத்துக்குள் இறங்கும், குளிர்ச்சியில் இறங்காது, அதனால்தான் பலர் இப்படிப்பட்ட கடைகளில் ஐஸ் காபியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் சோப்பு கலந்தால் அந்தச் சுவை கெட்டுப்போய்விடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்கிற ரபிகளும் உண்டு. காபிக் கடை பானங்களுக்குப் பட்டியல் போடும் சான்றளிப்பு அமைப்புகள், சூடான இறைச்சி விற்கும் கடையா என்பதையும் சேர்த்தே யோசிக்கின்றன. அப்படியானால் அவருடைய ரபி இதையெல்லாம் எடைபோட்டு ஏற்கெனவே அனுமதித்திருக்கலாமே. தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை, தகவல்தான் சொன்னேன் என்று வாதாடலாம். ஆனால் ஜக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த முகத்தோடு சொன்னால் கேட்பவருக்குத் தீர்ப்பு மாதிரிதானே இருக்கும்?

கூட வேலை பார்க்கும் யூதப் பையன் ஒருவன் சொன்னது இதைவிடச் சங்கடம். யூதர் அல்லாத ஒருவர், கேட்டதற்குப் பதிலாக இல்லாமல், தற்செயலாக, எந்த நோக்கமும் இன்றி ஒன்றைச் சொன்னால் சில விஷயங்களில் அதற்கு மதிப்பு உண்டாம். கேட்டுச் சொன்னபோதெல்லாம் போதாத என் வார்த்தை, கேட்காமல் சொன்னபோது எடைபெற்றுவிட்டது. என்னுடையது அந்த வகையில் சேருமா என்று அவனுக்கும் தெரியவில்லை. உனக்கு நோக்கம் இருந்ததே என்றான். இருந்தது. அவர் ஏமாறக் கூடாது என்பது ஒன்று. அவர் ஏமாறும்போது நான் அங்கே நிற்கக் கூடாது என்பது இன்னொன்று. இதில் எது முந்தியது என்று நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

அவர் மறுபடியும் வந்தார். இப்போது கோல்ட் ப்ரூ, அதாவது குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்த காபி மட்டும், பாலும் இல்லை சிரப்பும் இல்லை. என்னிடம் முன்பைப் போலவே மரியாதையாகப் பேசுகிறார். அதைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பழைய கோப்பைகளுக்கு அவருடைய ரபி என்ன சொன்னார் என்று கேட்க நாக்கு நுனி வரை வருகிறது. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தேன். கோஷர் பற்றி வாடிக்கையாளர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றாள். பாட்டிலைக் காட்டு, கழுவுவதைப் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல், கேட்காவிட்டால் நீயாக ஒன்றும் சொல்லாதே என்றேன். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். நாளைக்கே இன்னொருவர் விவரம் தெரியாமல் வந்து லாட்டே கேட்டால், அந்தப் பெண் பேசாமல் இருப்பாள். நான் இருக்க மாட்டேன்.