பலேர்மோவின் சுண்ணாம்புக் குழந்தைகள்

இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் எரிமலையைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் போனது பலேர்மோவில் உள்ள சான்டா சீட்டா பிரார்த்தனைக் கூடத்துக்காக. ஜாக்கோமோ செர்போட்டா (1656–1732) என்ற உள்ளூர்க்காரர் சுதையால் இழைத்த கூடம் அது.

உள்ளே போனால் எங்கும் வெள்ளை. பின்சுவர் முழுக்க ஒரு பிரம்மாண்டமான திரைச்சீலை, அதுவும் சுதைதான். அதைப் பிடித்துக்கொண்டு சேட்டை பண்ணும் குழந்தைகள். நடுவே, கிறிஸ்தவக் கூட்டணி ஒட்டோமான் கடற்படையை வென்ற 1571ஆம் ஆண்டு லெபான்டோ கடற்போர்க் காட்சி.

கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பதால் எனக்கு முகங்களைவிட உடைசல்கள் மேல்தான் கண் போகும். ஒரு குழந்தையின் கால்விரல் உதிர்ந்திருந்தது. வெளியே மெல்லிய வெண்தோல், உள்ளே மணல் தெரியும் சொரசொரப்பான கலவை. அவ்வளவு பளபளப்பும் அந்தத் தோலில்தான்!

இந்த வேலையில் முதலில் மரம், இரும்புக்கம்பி, துணி என்று கிடைத்ததை வைத்து எலும்புக்கூடு கட்டுவார்கள். மேலே சுண்ணாம்பும் மணலும். பல இடங்களில் ஜிப்சமும் சேரும். ஜிப்சம் சில நிமிடங்களில் இறுகிவிடும், நீட்டிய கை தொங்காது. சுண்ணாம்போ காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும். மேல்பூச்சை நிதானமாகத் தேய்க்க அந்த அவகாசம் வேண்டும். சுண்ணாம்பில் பளிங்குத் தூள் கலந்து மெருகேற்றும் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு அங்கே ‘அல்லுஸ்த்ராத்தூரா’ என்று பெயர்.

ஒரு சுதையில் இவற்றில் எவை இருக்கின்றன என்று ஆய்வுக்கூடத்தில் பிரித்தறிவதுதான் சுவாரசியம். ஏற்கெனவே உடைந்த ஓரத்திலிருந்து ஒரு துணுக்கு போதும். படிகங்களை அடையாளம் காணும் எக்ஸ்ரே சிதறல் சோதனை ஜிப்சத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பளிங்குத் தூள் விஷயத்தில் தடுமாறும். பளிங்கும் கால்சைட் (கால்சியம் கார்பனேட் படிகம்), இறுகிய சுண்ணாம்பும் கால்சைட். அப்புறம் நுண்ணோக்கிதான் கதி. துணுக்கைப் பிசினில் பதித்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துப் பார்த்தால், மாவு போன்ற சுண்ணாம்புக்கு நடுவே பளிங்குத் துகள்கள் கூர்முனைகளோடு தனியே தெரியும். விலை உயர்ந்த கருவியைப் பழைய நுண்ணோக்கி ஜெயிக்கும் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்தச் சுதைக்கு எதிரி ஈரம். ஜிப்சம் நீரில் கொஞ்சம் கரையும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் சுதை வெடிக்கும்.

போகிறவர்கள் சிலைகளை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள், மெருகு அப்போதுதான் பிடிபடும். அப்படியே பக்கத்தில் சான் டொமெனிகோ பிரார்த்தனைக் கூடத்துக்கும் நடந்துவிடலாம். அங்கே வலிமையைக் குறிக்கும் பெண் சிலையின் தூணில் ஒரு பல்லி ஏறுகிறது. செர்போட்டாவின் கையெழுத்து அதுதான்.