திங்கட்கிழமைப் பட்டியல்

வாத்தியார் மறைந்த செய்தி நம் தோட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது முதல் ஒவ்வொருவரும் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சங்கம் வெளியிடும் மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, நல்லதை மட்டும் எழுத என்னால் ஆகாது என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். அவர் பெயரை இங்கே குறிப்பிடத் தேவையில்லை. நம் பள்ளியில் மற்றவர்கள் எல்லாரும் ‘சார்’. ‘வாத்தியார்’ என்றால் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை காலையில் திடலில் நம் ஓட்டத்துக்கு அவர் நேரம் எடுத்ததும், திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசித்ததும் இதைப் படிக்கும் யாருக்கும் மறந்திருக்காது. கடைசியில் வந்தவன் பெயரிலிருந்து தொடங்குவார். பெயர், நேரம், அவ்வளவுதான். பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது. பெயர் வரத் தாமதமாக ஆக நிமிர்ந்து நின்றவர்களும் நம்மில் உண்டு, முதல் பெயரே தன்னுடையதாகிவிட்டதால் கூட்டம் முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு. வகுப்புக் கரும்பலகையின் மேல்மூலையில் 20.92 என்ற எண் ஆண்டு முழுவதும் அழியாமல் இருந்தது. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் மணி ஜெகதீசன், 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை ஓடிய நேரம் அது. அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது என்பதை நினைத்தால், ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கு அதை இலக்காக வைத்த மனிதரை மெச்சுவதா, அவரைப் பார்த்துச் சிரிப்பதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கு இருந்தது அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி ஒரே ஒரு ஜோடி. யார் கால் எந்த அளவாக இருந்தாலும், முன்பக்கத்தில் நாளிதழைத் திணித்து அதையே மாட்டிக்கொண்டு ஓடினோம். ஈப்போவில் நடந்த பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் 200 மீட்டருக்கு நான் நின்றபோது, எனக்கு முன் வேறொரு ஓட்டத்தில் ஓடியவன் கழற்றிக் கொடுத்த சூடு கூட அதில் ஆறியிருக்கவில்லை. வளைவில் பாதி தூரம் கடந்திருப்பேன், வலக்கால் காலணி கழன்று பின்னால் போய்விட்டது. ஒரு காலில் ஆணிகள், மறு காலில் ஒன்றுமில்லை என்றால் மனிதன் ஓடுவதில்லை, நொண்டுகிறான். பார்வையாளர் பக்கமிருந்து எழுந்த சிரிப்பை நான் இன்னும் கேட்கிறேன். யாரோ ஒரு பையன் அந்தக் காலணியை எடுத்து, வென்ற கோப்பையைப் போலத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். நான் கோட்டைத் தொட்டபோது நேரம் எடுப்பவர்கள் கலைந்துவிட்டிருந்தார்கள். வாத்தியார் மட்டும் தம் கடிகாரத்தோடு நின்று, என்னைப் பார்க்காமல் அதையே பார்த்துப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை முதலில் வாசிக்கப்பட்டது என் பெயர். நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் சுத்தமாக வாசித்தார். கீழ் வகுப்புப் பிள்ளைகள் கூடச் சிரித்தார்கள். அன்றிலிருந்து புகுமுக வகுப்புக்காகப் பட்டணத்துப் பள்ளிக்குப் போகும்வரை நான் அவரிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அவரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இவ்வளவும் எனக்குத் திரும்ப நினைவுக்கு வரக் காரணம் என் பேத்தி. 1988 குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சற்று முன்புதான், அது நடந்த கனடாவின் கல்கரி நகரத்துக்கு நான் வந்து சேர்ந்தேன். மலைச்சறுக்குப் போட்டிகள் நடந்த நக்கிஸ்கா, நகரத்திலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இத்தாலிய வீரர் ஆல்பெர்டோ தோம்பா அங்கே இரண்டு தங்கம் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, இந்தக் குளிரில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றுதான் சொன்னேன். இப்போது அதே மலையில், காப்பிக் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி சிவப்பு, நீலக் கம்பங்களுக்கிடையே விழுந்து எழுவதைப் பார்த்து நிற்கிறேன்.

நம்மவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். பனிச்சரிவில் நட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கி இறங்கும் ஸ்லாலோம் போட்டியில் இரண்டு ஓட்டம், இரண்டின் நேரத்தையும் கூட்டுவார்கள், நூறில் ஒரு பங்கு வினாடி வரை. தடத்தை முன்னதாக ஓடிப் பழக அனுமதியில்லை. பக்கவாட்டில் மெல்ல வழுக்கி இறங்கி, கம்பங்களின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளலாம், அவ்வளவே. புறப்படும் வரிசையில் பின்னால் வரும் எண் கிடைத்தவர்களுக்கு, முன்னவர்கள் கீறிப்போட்ட பள்ளங்கள்தான் தடம். உலகக் கோப்பைப் போட்டிகளில் முதல் ஓட்டத்தின் முதல் முப்பது பேர் இரண்டாம் ஓட்டத்தில் தலைகீழ் வரிசையில் புறப்படுகிறார்கள். சிறுவர் போட்டிகளில் எண்ணிக்கை மாறினாலும் முறை அதுதான். வேகமானவள் உச்சியில் நின்று கடைசிவரை காத்திருக்க வேண்டும் என்று பேத்தி சொன்னபோது, எனக்கு நம் கூட்டத் திடல்தான் கண்முன் வந்தது. போட்டிக்கு முந்தின இரவு என் மகன் வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து சறுக்குப் பலகைகளின் விளிம்பை அரத்தால் தீட்டுவது, என் அப்பா பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிய மாதிரியேதான் இருக்கிறது. அந்தப் பலகைகளின் விலையை மட்டும் அப்பாவிடம் சொல்லியிருக்க முடியாது.

போன ஆண்டுக்கு முந்தின குளிர்காலம் முழுவதையும் பேத்தியின் முழங்கால் காயம் தின்றுவிட்டது. திரும்பி வந்தவள் ஒரு போட்டியில் நான்காவதாக வந்தாள், வீடே கூத்தாடியது. அடுத்ததில், இரண்டாம் ஓட்டத்தின் நடுவே, கம்பங்களால் குறித்த வாயில்களில் ஒன்றைத் தவறவிட்டாள். வாயில்கள் இன்னும் தள்ளித் தள்ளி இருக்கும் ஜயண்ட் ஸ்லாலோமில் அப்படி நின்றுவிட்டால் கதை முடிந்தது. ஸ்லாலோமில் மட்டும், மேலே ஏறிப் போய்த் தவறிய வாயிலைக் கடந்துவிட்டுத் தொடர அப்போது விதி இடமளித்தது. அவள் பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து ஏறினாள், கடந்தாள், இறங்கினாள். பட்டியலில் எல்லாருக்கும் கீழே, முதலிடத்துக்கு வெகு தூரத்தில், அவள் பெயரும் நேரமும் இருந்தன. அதற்குக் கீழே நேரமே இல்லாமல், முடிக்காதவர்கள் என்ற தலைப்பில் ஒரு கூட்டம்.

ஈப்போவில் எனக்கு நடந்ததை வண்டியில் அவளிடம் சொன்னேன். வாத்தியார் எனக்கு நேரம் கொடுத்தார், விட்டுவிடவில்லை என்று சொல்லி முடித்தேன். “தாத்தா, அவர் அதை எல்லார் முன்னாலும் வாசிச்சிருக்க வேண்டாமே” என்றாள். அறுபதைத் தாண்டியவன் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த ஞானத்தை அந்த ஒரு வாக்கியம் காலி செய்துவிட்டது. அவள் சொன்னதும் சரிதான். குழுவில் நீங்கள் எழுதுகிற வாத்தியாரும் உண்மைதான், கூட்டத்தில் என்னைக் கூசி நிற்கவைத்த வாத்தியாரும் உண்மைதான். (2018இல் பியோங்சாங்கில் மலேசியா முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதையும், ஜெஃப்ரி வெப் என்பவர் அங்கே மலைச்சறுக்கில் இறங்கியதையும் சொல்லிப் பேச்சை மாற்றப் பார்த்தேன். அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.)

கனடாவுக்குப் புறப்படும் முன் சுங்கை சிப்புட்டில் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அம்மா போகச் சொன்னதால்தான் போனேன். அப்போதே நம் தோட்டத்தில் பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போடும் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் குறைகிறார்கள் என்று அவர் பள்ளியைப் பற்றித்தான் கவலைப்பட்டார். எப்போது திரும்புவாய் என்று கேட்டார். ஐந்தாண்டில் என்றேன். “சரி, நேரம் குறிச்சுக்கிறேன்” என்றார். அவர் நகைச்சுவையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அப்பாவின் காரியத்துக்கும், பிறகு அம்மாவின் காரியத்துக்கும் ஊருக்கு வந்தேன். இரண்டு தடவையும் விடுப்பு குறைவு. நம் திடல் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டதை வண்டியிலிருந்தே பார்த்தேன். வாத்தியார் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அவர் நினைவாக ஓட்டப் போட்டிக்குச் சுழற்கோப்பை வைக்கச் சங்கம் நிதி திரட்டுவதாகச் செயலாளர் எழுதியிருந்தார். என் பங்கை அனுப்பிவிட்டேன். அதில் ஒரு பகுதிக்குப் பல அளவுகளில் ஆணிக் காலணி வாங்கும்படி கேட்டிருக்கிறேன்.