கிலோக் கணக்கில் ஓர் ஓடுபாதை

விமான நிலையத்தில் வேலை என்றால் சீருடை, சென்ட் வாசனை, இலவச டிக்கெட்டில் லண்டன் என்று நினைப்பவர்கள் எங்கள் சொந்தத்தில் நிறையப் பேர். நான் வேலை பார்த்தது கொழும்பின் பெரிய விமான நிலையமான கட்டுநாயக்கவில் இல்லை, இரத்மலானையில் என்று சொன்னதும் "ஓ, அந்தச் சின்ன எயார்போர்ட்டா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். சின்னதுதான். ஒரே ஓடுபாதை, சுமார் 1,830 மீற்றர். ஒரு முனைக்கு அப்பால் காலி நகருக்குப் போகும் வீதி, ரயில் பாதை, கடல். மறு முனைப் பக்கம் அத்திட்டியச் சதுப்பு. நீட்ட நினைத்தாலும் நீட்ட முடியாது. அந்த இடத்தின் வரலாறும், நான் அங்கே செய்த வேலையும் இந்த நீளத்துக்குள்ளேதான் அடங்கிக் கிடந்தன.

என் வேலை நிறுப்பது. 2002 யுத்த நிறுத்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பறந்த ஒரு தனியார் நிறுவனத்தின் கவுண்டரில் சேர்ந்தேன். டிக்கெட் பார்ப்பது, பாஸ் கொடுப்பது எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகக் காலம் எடுப்பது லோட் ஷீட். ஆட்கள், பொதிகள், எரிபொருள் எல்லாவற்றின் எடையையும் ஒரே தாளில் கூட்டி, விமானம் தூக்கக்கூடிய அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு அந்த எடை முன்னுக்கும் பின்னுக்கும் எப்படிப் பரவியிருக்கிறது என்றும் கணக்குப் போட வேண்டும். விமானி கையெழுத்துப் போடும்வரை அந்தத் தாள் என் பொறுப்பு.

பெரிய விமானங்களில் ஆளுக்குச் சராசரி எடை ஒன்றை வைத்துக் கணக்கை முடிப்பார்கள். சிறிய விமானம் போகிற நாட்களில் எங்களுக்கு அது சரிவராது. ஆளையே கைப்பையோடு தராசில் ஏற்ற வேண்டும். வெள்ளவத்தையில் இருந்து பட்டுச்சேலையோடு வந்த ஓர் அம்மா தராசில் ஒரு காலை வைத்துவிட்டு, "பிள்ளை, சத்தமாச் சொல்லாதேங்கோ, மருமகன் நிக்கிறார்" என்றார். நான் எண்ணைத் தாளில் எழுதி அவருக்கு மட்டும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "உங்கட தராசு பிழை" என்று சொல்லிவிட்டுப் போனார். பொதுவாக ஆண்கள்தான் தங்கள் எடையைக் குறைத்துச் சொல்வார்கள் என்பது நான் அங்கே கண்டுகொண்ட விசயம். பெண்கள் சொல்லவே மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பொதிகளின் கதை வேறு. இங்கிருந்து போகும்போது துணிமணி, பால்மா, மருந்து, கல்யாணச் சாமான். யாழ்ப்பாண விமானத்தளமான பலாலியில் இருந்து வரும்போது பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல் மா, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், முருங்கைக்காய்க் கட்டு, கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டி. மாம்பழக் காலத்தில் பொதி இறக்கும் இடமே மணக்கும். நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்று உடைந்தால் அந்த மணம் வேறு மாதிரி, அதை அடுத்தவரின் பெட்டியிலிருந்து எடுக்கவே முடியாது. பொதி ஏற்றும் பகுதியின் தலைவர் ஒரு சிங்கள ஐயா. அவருக்குத் தெரிந்த தமிழ் "பாரம் கூட", "பரவாயில்லை" இரண்டும்தான். முதலாவதைச் சொல்லும் நாட்கள்தான் அதிகம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று பயணிகள் கேட்பார்கள். காரணம் பெரும்பாலும் எரிபொருள். திரும்பி வருவதற்கான எரிபொருளையும் இங்கேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எரிபொருள் கூடினால் ஆளோ பொதியோ குறைய வேண்டும். இரண்டாவது காரணம் வெயில். மதிய வெயிலில் காற்று மெலிந்துவிடும். இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையும், எஞ்சின் இழுக்கும் பலமும் குறையும், அதே எடையோடு எழும்ப அதிக நீளம் தேவைப்படும். கட்டுநாயக்கவின் 3,350 மீற்றரில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். எங்களிடம் அந்தச் சொகுசு இல்லை. காலையில் ஏற்றிய அதே பெட்டி மத்தியான விமானத்தில் கீழே நின்றுவிடும். அதைச் சொந்தக்காரரிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் சம்பளத்துக்கு உரிய வேலை என்பேன்.

இருக்கை மாறுவதும் அப்படித்தான். பாதி காலியாகப் போகும் விமானத்தில் எல்லோரையும் பின்பக்கம் இருத்தியிருப்போம். ஏறியதும் ஒருவர் எழுந்து முன்னுக்குப் போய் ஜன்னல் ஓரம் இருப்பார். "முன்னுக்கு இடம் சும்மாதானே கிடக்கு?" வள்ளத்தில் எல்லோரும் ஒரு பக்கம் போய் நின்றால் என்ன நடக்கும் என்று கேட்பேன். ஊர்க்காவற்றுறைக்காரர் என்றால் உடனே எழும்பிவிடுவார்.

இந்த இடத்தின் பழைய கதையையும் எடையை வைத்தே சொல்லிவிடலாம். கொழும்புக்கு ஒரு விமானத்தளம் வேண்டும் என்று 1934 இல் அரசாங்க சபை முடிவெடுத்தது. 1935 நவம்பர் 27 அன்று இங்கே முதன்முதலில் இறங்கியது புஸ் மோத் என்ற ஒற்றை எஞ்சின் விமானம், மூன்று பேர் மட்டுமே இருக்கக்கூடியது. ஓட்டி வந்தவர் டிண்டேல் பிஸ்கோ, மதராஸ் விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர். 1938 பெப்ரவரியில் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் வரத் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பிரித்தானிய விமானப்படை இருந்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் சேவை இங்கிருந்துதான் கிளம்பியது. சீதாதேவி என்று பெயர் வைத்த டி.சி. 3 விமானம், யாழ்ப்பாணத்தில் இறங்கி ஏறி, மதராஸ் போனது. நாட்டின் முதல் சொந்த விமான சேவையே யாழ்ப்பாணம் வழியாகத்தான் வெளிநாடு போயிருக்கிறது என்பதை நான் கவுண்டரில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். நம்பாதவர்கள்தான் அதிகம்.

டி.சி. 3 க்கு இந்த ஓடுபாதை தாராளம். பெரிய ஜெட்கள் வந்ததும் போதாமல் போனது. 1960களின் பிற்பகுதியில் வெளிநாட்டுச் சேவைகள் பழைய பிரித்தானியத் தளமான கட்டுநாயக்கவுக்குப் போய்விட்டன. இரத்மலானைக்கு மிஞ்சியது உள்நாட்டுப் பறப்பு, பயிற்சிப் பாடசாலைகள், விமானப்படை. 1978 செப்டம்பரில் எயார் சிலோனின் ஆவ்ரோ விமானம் ஒன்று இங்கே குண்டு வெடித்து அழிந்தது. பயணிகள் இறங்கிவிட்டதால் உயிர்கள் தப்பின.

1998 செப்டம்பர் 29 இல் அப்படித் தப்பவில்லை. பலாலியில் இருந்து இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த லயன் எயார் நிறுவனத்தின் அன்டனோவ் 24 விமானம் மன்னார்க் கடலுக்கு மேல் காணாமல் போனது. பயணிகள் 48 பேர், பணியாளர்கள் 7 பேர். 2012 இல்தான் இரணைதீவுப் பக்கக் கடலடியில் சிதைவுகளைக் கடற்படை கண்டெடுத்தது. நான் வேலை செய்த காலத்தில் அந்த 55 பேருக்கும் கடலில் ஓர் இடம்கூடக் குறிக்கப்படவில்லை. ஆட்கள் டிக்கெட் எடுக்கும்போது அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். "கடலுக்கு மேலாலையா போகும்?" என்று மட்டும் கேட்பார்கள். ஓம் என்பேன். வேறு என்ன சொல்ல?

2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு எங்கள் தாளில் வெறுமை என்று ஒன்றே இருக்கவில்லை. ஒவ்வொரு இருக்கைக்கும் ஆள், ஒவ்வொரு கிலோவுக்கும் பொதி. பாதுகாப்பு அனுமதி கிடைத்தவருக்கு இடம் கிடைக்காது, இடம் கிடைத்தவருக்கு அனுமதி வராது. பறப்பு ஒரு மணித்தியாலம்தான். அதற்கு முந்திய சோதனைகளுக்கு அரை நாள் போய்விடும். யாழ்ப்பாணத்தில் இறங்கினாலும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்து பஸ்ஸில்தான் வெளியே கொண்டுபோவார்கள். அந்த நாட்களில் கூடுதல் எடைக்குக் காசு கட்டத் தயங்கியவர் யாரும் இல்லை. காசு இருந்தது, கிலோ இருக்கவில்லை. இன்சுலின் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றவர்களுக்காகச் சில நாள் என் பங்குக்குக் கொஞ்சம் ஒளித்து வைத்திருப்பேன். விமானியிடம் சொல்லித்தான், களவாக அல்ல. தாளில் எழுதாத எடை என்று ஒன்று இருக்கவே கூடாது.

காற்றைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் சொல்லத் தொடங்கினால் இது முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடலைப் பார்த்து எழும்பும், வடகீழ்ப் பருவத்தில் சதுப்பைப் பார்த்து. சதுப்பில் கொக்கும் நீர்க்காகமும் நிறைய, அது பெல்லன்வில-அத்திட்டிய சரணாலயம். விமானிகளுக்குப் பிடிக்காத அழகு.

இப்போது பலாலி சர்வதேச விமான நிலையம். 2019 இல் சென்னையிலிருந்து ஏடிஆர் 72 வந்து இறங்கியது. இரத்மலானையிலும் 2022 மார்ச்சில் மாலைதீவு விமானம் ஒன்று இறங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வெளிநாட்டுப் பயணிகளைக் கொண்டுவந்தது. "நகரத்துக்குள்ளே எதுக்கு ஏரோட்ரோம், காணியை வித்தால் எவ்வளவு வரும்" என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏடிஆர் மாதிரி விசிறி விமானத்துக்கு இந்த நீளம் போதும். திருச்சி ஒரு மணித்தியாலத் தூரம். வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் இருக்கும் சனம் அங்கே போக முழு நகரத்தையும் கடந்து கட்டுநாயக்கவுக்கு ஓட வேண்டியிருக்கிறது. இங்கிருந்தே ஒரு விமானம் விட்டால் காலிப் பக்கத்துச் சனமும் வரும். பொதி மட்டும் கொஞ்சம் குறைவாகக் கொண்டுவர வேண்டும், அதுவும் மத்தியான விமானம் என்றால் இன்னும் குறைவாக.