வீடு யார் பேரில் இருக்கிறது?

அக்கா மகள் போன வருஷம் டெக்சஸுக்குப் படிக்கப் போனாள். போன கொஞ்ச நாளிலேயே அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, அங்கே ஏதோ சொராரிட்டியாம், கிரேக்க எழுத்துதான் பேராம், சேரும்போது என்ன செய்வாங்கன்னு வெளியே சொல்லக் கூடாதாம், சந்தா வேற கட்டணுமாம். இது கேங்கா?" மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில் பிள்ளை வளர்த்தவருக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும் (2007-லேயே பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை). 04, 08, 36 என்று கேங் நம்பரைச் சொன்னாலே பேச்சு நின்றுவிடும் ஊர்கள் நம்முடையவை. ஏழு பேர் கூடிச் சங்கம் என்று வைத்தாலே 1966 சங்கச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும்.

சரி, என்னதான் அது என்று உட்கார்ந்து படித்தேன். கேங் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் சேரும் சங்கம் சொராரிட்டி, பையன்களுடையது ஃபிரட்டர்னிட்டி. ஆனால் நான் நினைத்ததைவிட விசித்திரமான சங்கதி.

மூலம் 1776 டிசம்பர் 5. வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த ஃபை பீட்டா கப்பா. ரகசியக் கைகுலுக்கல், கிரேக்க எழுத்து எல்லாம் அங்கிருந்து வந்தவை. அது பிற்பாடு ரகசியத்தை விட்டுவிட்டு, நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் சங்கமாக ஆகிவிட்டது. கும்மாளத்துக்குப் பேர் போன வகை நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825-ல் கப்பா ஆல்ஃபாவோடு கிளம்பியது. பெண்கள் பக்கம், ஆண்கள் கல்லூரியாக இருந்த இடத்தில் முதன்முதலாக நுழைந்த மாணவிகள் சிலர் 1870-ல் இண்டியானாவில் கப்பா ஆல்ஃபா தீட்டாவை அமைத்தார்கள்.

இந்தச் சங்கங்களை ஒழிக்க அந்தக் காலத்திலிருந்தே ஆள் இருந்திருக்கிறது. பிரின்ஸ்டன் 1855-லேயே தடை போட்டது. ஆனால் பெரும்பாலான இடங்களில் இவை அசையவில்லை, ஏன் என்று பார்த்தால் எனக்குத் தெரிகிற காரணம் ஒன்றுதான்: வீடு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு மாணவர் எண்ணிக்கை ஏறியது, பல கல்லூரிகளில் போதுமான தங்கும் விடுதி இல்லை. சங்கங்கள் வீடு வாங்கி, சமையல்காரர் வைத்து, பையன்களுக்குச் சோறும் கட்டிலும் கொடுத்தன. பல இடங்களில் வீட்டின் பத்திரம் கல்லூரியிடம் இல்லை, படித்து முடித்துப் போன பழைய உறுப்பினர்களின் நிறுவனத்திடம். அதனால் பிரின்சிபால் கோபப்பட்டால் கிளையை மூடலாம், கூரையைப் பிடுங்க முடியாது. நாலு வருஷம் போனால் பழைய பையன்கள் கல்லூரியை விட்டுப் போயிருப்பார்கள், அப்புறம் அதே வீட்டில் அதே பேரில் புதுப் பையன்கள்.

உண்மையிலேயே ஒழிந்த இடத்தைப் பார்த்தாலும் இதுதான். மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ் கல்லூரி 1962-ல் எல்லா மாணவருக்கும் தங்குமிடமும் சாப்பாடும் நாங்களே தருகிறோம் என்று முடிவெடுத்தது. சங்கங்கள் சில வருஷங்களில் கரைந்துபோயின. போதனை செய்து ஒழிக்கவில்லை, சமையலறையைக் கையில் எடுத்து ஒழித்தார்கள்.

யாரை உள்ளே விட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதி. பல தேசியச் சங்கங்களின் விதியிலேயே வெள்ளையர், கிறிஸ்தவர் மட்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். நம் பக்கம் தோட்டத்தில் துரைமார் கிளப் இருந்ததே, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியார்கூட வாசலோடு நிற்க வேண்டிய இடம், அதேதான். 1948-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக் கிளை ஒன்று கறுப்பின மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டதற்குத் தலைமையகம் அந்தக் கிளையையே வெளியே தள்ளியது. எழுத்தில் இருந்த விதிகள் பிறகு போய்விட்டன, பழக்கம் போக இன்னும் நாளாயிற்று. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2013-ல் மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்திய பிறகுதான் வெள்ளைச் சொராரிட்டிகள் கதவைக் கொஞ்சம் திறந்தன. 2013! நம் பிள்ளைகள் ஃபேஸ்புக்கில் இருந்த காலம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து அரசாங்கச் செலவில் படிக்க வந்த முன்னாள் வீரர்களால் சங்கங்கள் நிரம்பின. வியட்நாம் போர்க் காலத்தில் இதெல்லாம் பணக்காரப் பையன்களின் கூத்து என்று மாணவர்களே ஒதுக்கினார்கள். எழுபதுகளின் கடைசியில் திரும்பவும் மவுசு வந்தது, அதோடு தண்ணியும். 1984-ல் வந்த சட்டத்தால் நாடு முழுக்க 21 வயதுக்குக் கீழே மது வாங்க முடியாமல் போனது. விடுதியில் கண்காணிப்பு, கடையில் ஐ.சி. கேட்பான், மிச்சம் இருந்த இடம் இந்தத் தனியார் வீடுகள். சொராரிட்டி வீடுகளில் மது கூடாது என்பது அவர்கள் தலைமையகங்களின் விதி, அதனால் பெண் பிள்ளைகளும் பையன்கள் வீட்டுக்குத்தான் பார்ட்டிக்குப் போக வேண்டும். யார் வீடோ அவன் வைத்ததுதான் சட்டம். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

2017-ல் பென்ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன், சேர்க்கைச் சடங்கில் குடிக்க வைக்கப்பட்டு மாடிப்படியில் விழுந்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆனது. பையன் பிழைக்கவில்லை. கிளைக்கு நிரந்தரத் தடை விழுந்தது. வீடு? அதற்கு நீதிமன்றத்தில் தனி வழக்கே ஓடியது. 2024 டிசம்பரில் வந்த மத்தியச் சட்டப்படி இனிமேல் இந்த மாதிரிக் கொடுமைகளைக் கல்லூரிகள் கணக்கில் காட்டியாக வேண்டும். ஆனால் கூட்டம் குறையவில்லை. 2021-ல் அலபாமா மாணவிகள் சேர்க்கை வாரத்தில் என்ன உடுத்தினோம் என்று டிக்டாக்கில் போட்ட வீடியோக்களை உலகமே பார்த்தது. அக்கா மகளும் பார்த்திருப்பாள்.

இதைப் படிக்கப் படிக்க எனக்கு எங்கள் தோட்டத்து இளைஞர் மணிமன்றம்தான் ஞாபகம் வந்தது. பேச்சுப் போட்டி, பொங்கல் விளையாட்டு, தீபாவளிக் கலைநிகழ்ச்சி எல்லாம் ஒரு மண்டபத்தில் நடந்தது. மண்டபம் தோட்டத்துடையது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக டவுனுக்குப் போனார்கள், நிலம் கைமாறியபோது மண்டபமும் கூடவே போய்விட்டது. அமைச்சராக இருந்த சம்பந்தன் 1960-ல் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டமே வாங்கினாரே, அவருக்கு இது அப்போதே புரிந்திருக்கிறது.

இதோடு முடித்திருப்பேன், ஆனால் கறுப்பினச் சங்கங்கள் என் வாதத்தைக் கெடுக்கின்றன. கார்னெலில் 1906-ல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா (மார்ட்டின் லூதர் கிங் இதில் உறுப்பினர்), ஹோவர்டில் 1908-ல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா (கமலா ஹாரிஸ்), 1913-ல் டெல்டா சிக்மா தீட்டா. இந்த டெல்டா பெண்கள் தொடங்கிய இரண்டே மாதத்தில் வாஷிங்டனில் பெண்கள் ஓட்டுரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். இவர்களில் பல கிளைகளுக்குப் பெரிய வீடெல்லாம் கிடையாது. பட்டம் வாங்கியவர்களுக்கென்று ஊர் ஊராகத் தனிக் கிளைகள் இருக்கின்றன, அறுபது வயதிலும் சந்தா கட்டிக் கூட்டத்துக்கு வருகிறார்கள். எங்கள் மணிமன்றத்து ஆட்களும் ஒன்றும் காணாமல் போகவில்லை, வாட்ஸ்அப் குழுவில் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வருகிறது. பிள்ளைகளின் டியூஷனுக்கு மாதம் பத்து வெள்ளி போடலாமா என்று கேட்டால்தான் எல்லாருக்கும் லைன் போய்விடுகிறது.